வித்துடும்மா, விட்டுடும்மா

பங்குச் சந்தை மூடிய பிறகு ஒரு தரகு அலுவலகம் எப்படி இருக்கும் என்பதை பல்பு அன்றுதான் பார்த்தான். வரிசையாக மேசைகள், மேசைக்கு இரண்டு திரைகள், திரை முழுக்கப் பச்சையும் சிவப்புமாக எண்கள். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தவை எல்லாம் நின்ற இடத்திலேயே உறைந்துபோயிருந்தன. நாற்காலிகள் காலி. ஏ.சி. மட்டும் யாருக்காகவோ ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், பேய்க்கு இதைவிட நல்ல ஆபீஸ் கிடைக்காது. சம்பளம் பேசினா நாளைக்கே வேலைக்குச் சேர்ந்துடும்," என்றான் அடிக்குரலில்.

பயம் வந்தால் பல்புவுக்கு வாய் நீளும். முன்பு எலக்ட்ரீஷியனாக இருந்தவன். அவனைக் கடைசியாகச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது பள்ளிக்கூட வாத்தியார், அதுவும் வகுப்பைவிட்டு வெளியே போகச் சொல்லி. அவனுடைய முதலாளியம்மாவுக்கும் அப்படித்தான், பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. எந்தக் கதவையும் இரண்டு தடவை பார்த்த பிறகே திறக்கிறவர், எந்தக் கேள்விக்கும் மூச்சு விட்ட பிறகே பதில் சொல்கிறவர். துப்பறியும் தொழிலில் எல்லாருக்கும் அவர் நிதானம் மேடம்.

அவர்களை வரவழைத்திருந்தது மேனேஜர். இஸ்திரி கலையாத சட்டை, இனிக்க இனிக்கப் பேச்சு.

"எங்க டீலர் பொண்ணு மேடம் இவங்க. வாடிக்கையாளருங்க ஃபோன்ல சொல்றதைக் கேட்டு வாங்கி விக்கிறது இவங்க வேலை. இப்ப செத்துப்போன ஒரு வாடிக்கையாளர் குரல்ல இவங்களுக்கு ஃபோன் வருது. பாவம், பாதியா இளைச்சுட்டா. யார் பண்றாங்கன்னு எனக்கு ஒரு யூகம் இருக்கு. ஆதாரம் வேணும். நாளைக்கு விசாரணை வெச்சிருக்காங்க."

"எப்ப வரும் ஃபோன்?" என்று கேட்டார் நிதானம் மேடம்.

"சந்தை மூடினப்புறம்தான். இப்பகூட வரலாம்."

"டைம் பார்த்து வர்ற பேயா? நம்ம வாடிக்கையாளருங்களைவிட ஒழுங்கா இருக்கே," என்றான் பல்பு.

மேனேஜர் மரியாதைக்குச் சிரித்தார். "எனக்கு ஒரு அவசர கால் பேசணும். நீங்க பேசிட்டு இருங்க," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டீலர் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். கைபேசியைக் குப்புறப் போட்டு அதன் மேல் ஒரு கனமான தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தாள், அது எழுந்து ஓடிவிடும் போல.

"ராத்திரி ஃபிரிட்ஜுல காய்கறித் தட்டுக்குள்ள வெச்சு மூடிட்டுத்தான் படுக்கிறேன் மேடம். அப்பவும் உள்ளேர்ந்து அடிக்கிற மாதிரியே இருக்கு."

"கத்திரிக்காய் எடுத்துப் பேசிடப் போகுதுங்க," என்றான் பல்பு. சொன்னபின் அவனுக்கே அது பிடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டான்.

"முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா. எனக்குப் பங்குச் சந்தை தெரியாதுன்னு வெச்சுக்குங்க," என்றார் நிதானம் மேடம்.

அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"அவர் ஒரு சின்ன அச்சகம் வெச்சிருந்தார். பிரஸ்காரர்னுதான் எல்லாரும் சொல்லுவோம். எங்ககிட்ட மார்ஜின்ல பங்கு வாங்குவார். அதாவது அவர் கையில நூறு இருந்தா, நாங்க நூறு கடன் தருவோம். இருநூறுக்குப் பங்கு வாங்கலாம். வாங்கின பங்கு எங்க பிடியில இருக்கும்."

"விலை ஏறினா?"

"நூத்துக்கு இருபது ஏறுதுன்னு வெச்சுக்குங்க. இருநூறு, இருநூத்தி நாப்பது ஆகும். எங்க நூறையும் வட்டியையும் எடுத்துக்கிட்டு மிச்சம் அவருக்கு. தன் நூறை மட்டும் போட்டிருந்தா இருபதுதான் லாபம். இப்ப ஏறக்குறைய நாப்பது."

"இறங்கினா?"

"இருநூறு, நூத்தறுபது ஆகும். எங்க நூறு எங்களுக்கு அப்படியே வந்தாகணும். அவரோட நூறு அறுபதா சுருங்கிடும். நஷ்டம் முழுக்க அவருக்கு."

"பங்குச் சந்தைன்னு பேர் வெச்சுட்டு நஷ்டத்துல மட்டும் பங்கு இல்லைங்கிறீங்க," என்றான் பல்பு.

அவள் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்து, வராமல் போயிற்று. "ரொம்ப இறங்கிட்டா, இன்னும் பணம் கட்டுங்கன்னு ஃபோன் பண்ணுவோம். அதுதான் மார்ஜின் கால். சொன்ன நேரத்துக்குள்ள கட்டலைன்னா நாங்களே வித்துடுவோம். அவர் சம்மதம் தேவையில்லை."

"லிஃப்ட் மாதிரின்னு சொல்லுங்க. படியைவிடச் சீக்கிரமா மேல கொண்டுபோகும். கயிறு அறுந்தா படியைவிடச் சீக்கிரமா கீழ கொண்டுவரும்," என்றான் பல்பு.

"அப்படியும் ஒரேயடியா கெட்டதுன்னு சொல்ல முடியாதுங்க. ரொம்ப நாள் அவர் அதை அழகா வெச்சுக்கிட்டார். அச்சடிச்சுக் குடுத்த இடத்துல காசு வர இழுக்கும். அதுக்காக நல்ல பங்கை அவசரப்பட்டு விக்க மாட்டார். எங்ககிட்டக் கொஞ்சமா எடுத்துச் சமாளிச்சு, காசு வந்ததும் அடைச்சுடுவார். அப்புறம்தான் ஆசை பெருசாயிடுச்சு. ஒரே கம்பெனி பங்கு, கிடைக்கிற அளவு கடன். வேண்டாம் சார்னு நானே சொன்னேன். 'என் மக மாதிரியே பயப்படுறியேம்மா'ன்னு சிரிச்சார்."

குரல் தேய்ந்தது. நிதானம் மேடம் அவசரப்படுத்தவில்லை.

"அந்தப் பங்கு சரிஞ்சுது. முதல் தடவை கூப்பிட்டப்ப எப்படியோ கட்டிட்டார். அடுத்த தடவை, மத்தியானத்துக்குள்ள கட்டணும்னு சொன்னேன். லைன் கரகரன்னு இருந்துது. 'விட்டுடும்மா, பணம் வந்துடும்'னு சொன்னார். எனக்கு அப்படித்தான் கேட்டுது. பணமும் நேரத்துக்குள்ள வந்துடுச்சு மேடம். ஆனா அதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் வித்தாச்சு. மேனேஜரே உட்கார்ந்து வித்தார், இருக்கிறதுலயே கீழ் விலைக்கு. அன்னிக்கு ராத்திரியே பிரஸ்காரருக்கு மாரடைப்பு. அடுத்த வாரம் அந்தப் பங்கு பழைய விலைக்கே ஏறிடுச்சு. பார்க்க அவர் இல்லை."

"பணம்தான் வந்துடுச்சே. மேனேஜர் ஏன் வித்தாராம்?"

"'உன் லைன்ல நானும் கேட்டுட்டு இருந்தேன், அவர் வித்துடும்மான்னுதான் சொன்னார், உன் காதுல தப்பா விழுந்திருக்கு'ன்னு சொல்றார். இங்க வர்ற எல்லா காலும் பதிவாகும். அந்த ஒரு பதிவு மட்டும் அழிஞ்சுபோச்சாம்."

"வித்துடும்மா. விட்டுடும்மா," என்று இரண்டு வார்த்தைகளையும் வாய்க்குள் உருட்டிப் பார்த்தார் நிதானம் மேடம். "தவா டவா, ஒரு எழுத்து."

"அந்த ஒரு எழுத்துக்குத்தான் நாளைக்கு விசாரணை. அவர் மக புகார் குடுத்திருக்கா. நான் முதல்ல 'விட்டுடும்மா'ன்னு எழுதிக் குடுத்தேன். நாளைக்கு மாத்திக் குடுக்கப்போறேன்."

"ஏன்?"

டீலர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அவரே வந்து சொல்றாரே மேடம். அம்மான்னு கூப்பிடுற குரல் கேட்டாலே ஃபோனைத் தூரத் தள்ளிடுவேன். கடைசியில கட் பண்ணப் போறப்ப அந்த வார்த்தை மட்டும் காதுல விழுந்துடும். வித்துடும்மா, வித்துடும்மான்னு. நான்தான் தப்பா கேட்டிருக்கேன். அதைத் திருத்தத்தான் வர்றார்."

தண்ணீர் பாட்டில் மெல்ல அதிர்ந்தது. அடியில் கைபேசி.

அவள் திருப்பினாள். திரையில் கூப்பிடுகிறவர் எண் இல்லை.

"எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. இந்தத் தடவை கட் பண்ணாதீங்க," என்றார் நிதானம் மேடம். பல்பு தன் கைபேசியில் பதிவுப் பொத்தானை அழுத்தினான். விரல் ஈரமாக இருந்ததால் இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது.

"அம்மா, நான்தாம்மா, பிரஸ்காரன்."

கனிந்த, வயதான குரல். யாருக்கோ இடம் விடுவதுபோல் சற்று மௌனம். பின்னால் தூரத்தில் ஏதோ இயந்திரம், டடக் டடக் என்று விடாமல்.

"நல்லா இருக்கேம்மா."

பல்பு ஒரு நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான். செத்துப்போன மனிதர் நலமாக இருக்கிறாராம். ஏ.சி.யின் குளிர் திடீரென்று பழக்கமில்லாத குளிராக இருந்தது. டீலர் பெண் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

நிதானம் மேடம் கைபேசிக்கு அருகில் குனிந்தார். "ஐயா, உங்க அச்சகம் தீப்பிடிச்சு எரியுது. உடனே ஓடி வாங்க!"

மௌனம். டடக் டடக்.

"ரொம்ப சந்தோஷம்மா. அப்ப வித்துடும்மா. எல்லாத்தையும் வித்துடும்மா."

எங்கோ பின்னாலிருந்து ஒரு பெண் குரல், சலிப்பும் உரிமையுமாக: "என்னங்க, சாப்பாடு ஆறுது பாருங்க!"

இணைப்பு அறுந்தது.

டீலர் பெண் மேசையில் தலை வைத்து அழ ஆரம்பித்தாள்.

"மேடம், கடை எரியுதுன்னு சொல்றீங்க, சந்தோஷம்ங்கிறார்," என்றான் பல்பு. குரல் அவனுடையதாகவே இல்லை. "செத்தா இவ்வளவு பக்குவம் வருமா?"

"காது கேக்கலைன்னா வரும்," என்றார் நிதானம் மேடம்.

அறைக் கதவு திறந்தது. மேனேஜர் வேகமாக வந்தார். அழுகிற பெண்ணைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"வந்துடுச்சா? நான்தான் சொன்னேனே. நீங்களே யோசிச்சுப் பாருங்க மேடம். பின்னால மெஷின் சத்தம், சாப்பிடக் கூப்பிடுற குரல். அந்த வீட்டைத் தவிர வேற எங்கேர்ந்து வரும்? அவர் சம்சாரத்துக்கு எங்க மேல ஆத்திரம். பழைய பதிவு எதையோ கையில வெச்சுக்கிட்டு இந்தப் பொண்ணை மிரட்டுறாங்க. அதை மட்டும் நாளைக்கு வந்து சொல்லிடுங்க, போதும்."

நிதானம் மேடம் அவரையே பார்த்தார். வழக்கத்தைவிட ஒரு மூச்சு அதிகமாகப் பார்த்தார் என்று பல்புவுக்குத் தோன்றியது.

"போய்ப் பார்க்கிறோம்," என்றார்.

* * *

பொழுது சாயும் நேரத்தில் அந்தச் சந்துக்குள் நுழைந்தார்கள். இரண்டு பக்கமும் பூட்டிய ஷட்டர்கள். கடைசியில் தகரக் கூரை போட்ட கொட்டகை, அதை ஒட்டியே வீடு. பெயர்ப்பலகையில் வண்ணம் உரிந்து, யார் அச்சகம் என்பது போய் அச்சகம் என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.

"எனக்கு ஒண்ணு புரியலை மேடம். அந்தம்மாதான் பேய் விடுறாங்கன்னா, தன் கேஸைத் தானே கெடுத்துக்கிற பேயா இருக்கே? அவங்க பொண்ணு குடுத்த புகாரே 'விட்டுடும்மா'ன்னுதான். இது 'வித்துடும்மா'ங்குது."

"பல்பு, நீ சில சமயம் எரியறே," என்றார் நிதானம் மேடம்.

கதவைத் திறந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். விரல்களில் பசை காய்ந்திருந்தது. கொட்டகைக்குள் ஒரு பாயில் கட்டுக் கட்டாகக் காகித உறைகள். ஒட்டிக் கொடுத்தால் கூலி. அந்தப் பெரிய இடத்தில் பாயும் அவரும் தவிர வேறு எதுவும் இல்லை. சுவரெல்லாம் மை தெறித்த புள்ளிகள். மசியும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை இன்னும் போகவில்லை.

பல்பு இருட்டில் எதிலோ இடித்துக்கொண்டு "அம்மா!" என்றான். தரையில் நான்கு தடித்த போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே சிமெண்டுத் தரை மட்டும் வெளுத்து, ஒரு கட்டில் அளவுக்குச் சதுரமாகத் தெரிந்தது.

"பார்த்துப்பா. மெஷின் இருந்த இடம் அது," என்றார் அந்த அம்மா.

பல்பு காலைத் தேய்ப்பதை நிறுத்தினான். "மெஷின் எங்கேம்மா?"

"அது போய் ரொம்ப நாளாச்சே தம்பி. பணம் கட்டுன்னு அந்த ஆபீசுல முதல் தடவை கழுத்தைப் பிடிச்சப்பவே வித்துட்டார். லாரியில ஏத்தறவரைக்கும் அதோ அந்தத் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னார்."

"அவர் உயிரோட இருக்கிறப்பவே போயிடுச்சா?"

"ஆமா. அதுக்கப்புறம் இங்கே ஒரு சத்தமும் கிடையாது."

பல்பு மெதுவாக நிதானம் மேடத்தின் பக்கம் நகர்ந்து நின்றான். "மேடம்," என்றான், "ஆளுக்குப் பேய் உண்டுன்னே வெச்சுக்குவோம். மெஷினுக்குமா?"

மேடம் அந்த அம்மாவின் எதிரே பாயில் உட்கார்ந்துகொண்டார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்டார்.

"அவரைப் பத்திப் பேசாதீங்கம்மா." அந்த அம்மா ஒரு உறையை எடுத்து மடித்தார். மடிப்பு கோணலாக விழுந்தது. "புகார் குடுத்தது என் மக. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. ரெண்டாவது தடவை பணம் கேட்டப்ப வீட்டுல விக்க ஒண்ணுமில்லை. என் வளையலைக் கழட்டிக் குடுத்தேன். வாங்கிட்டுப் போனார், கட்டினார். கட்டினவர், எல்லாத்தையும் வித்துடுங்கன்னும் சொல்லிட்டார்னு அன்னிக்கு மத்தியானமே ஆபீசுலேர்ந்து ஃபோன் வந்துது. விக்கப் போறவர் என் வளையலை எதுக்கு வாங்கினார்? சாயந்தரம் வந்தார். முகத்தைப் பார்க்கப் பிடிக்கலை. ஏதோ சொல்ல வந்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டேன். காலையில எழுப்பினேன்."

அதோடு நிறுத்திக்கொண்டார்.

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நிதானம் மேடம் நீண்ட மூச்சு விட்டார். "ஒரு குரலைப் போட்டுக் காட்டணும்மா. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். போடலாமான்னு நீங்கதான் சொல்லணும்."

அந்த அம்மா தலையசைத்தார். பல்பு கைபேசியைப் பாயின் மேல் வைத்தான்.

'அம்மா, நான்தாம்மா, பிரஸ்காரன்.'

உறை கையிலிருந்து நழுவியது.

'நல்லா இருக்கேம்மா.'

டடக் டடக் டடக். வெறும் கொட்டகையில் அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் போய்த் திரும்பியது. வெளுத்த சதுரத்திலிருந்தே வருவதுபோல் இருந்தது. பல்பு அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான்.

"நம்ம மெஷின்," என்றார் அந்த அம்மா மூச்சுக்குள்.

'என்னங்க, சாப்பாடு ஆறுது பாருங்க!'

"அது நான்."

பல்பு துள்ளினான். "மேடம்! ஒத்துக்கிட்டாங்க!"

"சும்மா இரு. எந்த நாள் பேசினதும்மா இது? நினைவிருக்கா?"

"எப்படி மறக்கும்?" அந்த அம்மாவின் கண்கள் கைபேசியை விட்டு நகரவில்லை. "என் மக காலேஜ் சேர்ந்த வருஷம். கட்ட வேண்டிய பணத்துல பாதிகூடத் தேறலை. அந்த ஆபீசுப் பொண்ணு ஃபோன் பண்ணி, பங்கு நல்லா ஏறியிருக்குன்னு சொன்னா. எல்லாத்தையும் விக்கச் சொல்லிட்டு, மெஷினைக்கூட நிறுத்தாம உள்ள ஓடி வந்தார். கடனை அடைச்சு, முழுப் பணமும் கட்டி, கையில கொஞ்சம் மிச்சமும் நின்னுது. நான் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துட்டேன். அன்னிக்கு மாதிரி அவர் சிரிச்சு நான் பார்த்ததில்லை."

பல்புவுக்கு இப்போது இடைவெளிகள் எல்லாம் நிரம்பின. நல்லா இருக்கீங்களா சார் என்று டீலர் பெண் கேட்டிருப்பாள், நல்லா இருக்கேம்மா. விலை ஏறியிருக்கு சார் என்றிருப்பாள், ரொம்ப சந்தோஷம்மா. அவள் பேச்சை மட்டும் யாரோ வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேயாக ஏவப்பட்டது அந்த மனிதரின் நல்ல நாள்.

"இந்தப் பதிவு உங்க வீட்டுல இருந்துதா?" என்று கேட்டார் நிதானம் மேடம்.

"இருந்தா இத்தனை நாள் கேக்காமலா இருந்திருப்பேன்?" கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, இன்னொரு தடவை போடேன்," என்றார்.

பல்பு போட்டான். அவர் கேட்கக் கேட்க மறுபடி மறுபடி போட்டான். அச்சம் எந்த நேரத்தில் விலகியது என்று அவனுக்குத் தெரியவில்லை.

* * *

மறுநாள் காலை விசாரணை அறையில் டீலர் பெண் பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். திருத்திய வாக்குமூலம் அவள் முன்னால் இருந்தது. மேசையின் அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, சந்தையைக் கண்காணிக்கிற அலுவலகத்திலிருந்து வந்தவர். பக்கத்தில் மேனேஜர், அதே கலையாத சட்டை.

"ஒரு நிமிஷம்," என்று உள்ளே வந்தார் நிதானம் மேடம். பின்னால் பல்பு, அவன் பின்னால் அச்சகக்காரரின் மனைவி.

மேனேஜர் முகம் மலர்ந்தது. "வாங்க மேடம். சார், இவங்கதான் நான் சொன்ன துப்பறிவாளர். ஃபோன் எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிச்சுட்டாங்க போல."

"கண்டுபிடிச்சுட்டோம். அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு கேள்வி. நேத்து ஃபோன் வந்தப்ப நீங்க உங்க அறையில கதவைச் சாத்திட்டு இருந்தீங்க. வெளிய வந்ததும், சாப்பிடக் கூப்பிடுற குரல்னு சொன்னீங்க. யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"வேற யாரு, இந்தப் பொண்ணுதான். முன்னாடியே சொல்லியிருக்கா."

டீலர் பெண் பேனாவோடு நிமிர்ந்தாள். "நான் நேத்துதான் சார் முதல் தடவையா அதை முழுசா கேட்டேன்."

அதிகாரி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பதிவுல ஒரு மெஷின் ஓடுது," என்று தொடர்ந்தார் நிதானம் மேடம். "அது, அவர் சாகறதுக்கு ரொம்ப முன்னாடியே வித்துப்போன மெஷின். ஆக, அது பழைய பேச்சு. பழைய பேச்செல்லாம் பதிவாகி இருக்கிறது ஒரே இடத்துல, இவர் ஆபீசுல. திறக்கிற பாஸ்வேர்டு இவர்கிட்ட. இந்தப் பொண்ணு பயந்து வாக்குமூலத்தை மாத்தினா இவருக்கு நல்லது. இல்லை, பின்னால கேட்ட குரலை வெச்சு நாங்க இந்தம்மாவைக் காட்டிக்குடுத்தா, அவங்க கையில இருக்கிற பதிவே 'வித்துடும்மா'ன்னுதான் சொல்லுதுன்னு இவர் பேசலாம். ரெண்டு வழியிலயும் அந்த எழுத்து மாறிடும்."

"கதை விடுறீங்க!" மேனேஜர் எழுந்துவிட்டார். "ஒரு கிழவர் பங்கை வித்து எனக்கு என்ன லாபம்?"

"அது எனக்குத் தெரியாது. அன்னிக்கு அந்தக் கீழ் விலையில யார் வாங்கினாங்கன்னு சார் பார்த்துக்குவார்."

"என் மச்சான் பங்கு வாங்கினா அது குத்தமா? யார் வேணா வாங்கலாம்!"

"மச்சான் பேச்சை இங்க யாருமே எடுக்கலையே சார்," என்றான் பல்பு.

மேனேஜர் அப்படியே நின்றார். பிறகு நாற்காலி எங்கே இருக்கிறது என்று கையால் தேடி உட்கார்ந்தார். அதிகாரி தொலைபேசியை எடுத்து, அன்றைய வாங்கல் விவரம் முழுவதும் தனக்கு உடனே வேண்டும் என்று யாருக்கோ உத்தரவிட்டார். அதன் பிறகு டீலர் பெண்ணைப் பார்த்தார்.

"அது பழைய பதிவுங்கிறது சரி. கடைசி கால்ல அவர் என்ன சொன்னார்ங்கிறதுக்கு இப்பவும் உங்க காது ஒண்ணுதான் சாட்சி. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். திருத்திய வாக்குமூலத்தை ஓரமாகத் தள்ளினாள்.

"யோசிக்க வேண்டாம் சார். விட்டுடும்மான்னு சொன்னார். என் காது சரியாத்தான் கேட்டுது. இத்தனை நாளா என் காதை நானே சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்."

"அது மட்டும்தான் சொன்னாரா?"

கேட்டது அச்சகக்காரரின் மனைவி. கதவோரமே நின்றுகொண்டிருந்தார். "அவர் சொன்ன மாதிரியே சொல்லும்மா. ஒண்ணும் விட்டுடாதே."

டீலர் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாரும் அந்த ஒரு எழுத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சத்தை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"'விட்டுடும்மா, பணம் வந்துடும். என் வீட்டுக்காரி வளையலைக் கழட்டிக் குடுத்திருக்கா. ஒரு வார்த்தை பேசாம குடுத்துட்டாம்மா. இதுலேர்ந்து எப்படியாவது வெளிய வந்துட்டா இனிமே கடன்ல ஒரு பங்கு வாங்க மாட்டேன். அவ கையில வளையலைப் போட்டுட்டு நான் பாட்டுக்கு வேற பிரஸ்ல கூலிக்கு நோட்டீஸ் அடிச்சுட்டு இருப்பேன்'னு சொன்னார். நான், 'சாயந்தரம் இதை வீட்டுல போய்ச் சொல்லுங்க சார்'னேன். 'சொல்லணும்மா, கண்டிப்பா சொல்லணும்'னார்."

அந்த அம்மா வெறும் மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லத்தான் வந்தார்," என்றார். "வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நேரா என்கிட்டதான் வந்தார். 'இந்தா பாரேன்'னு கூப்பிட்டார். நான்தாம்மா கேக்கலை."

டீலர் பெண் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நிதானம் மேடம் கண்ணால் காட்ட, பல்பு தண்ணீர் எடுக்கப் போனான். டம்ளரை நிரப்பியவன், அதைக் கையில் பிடித்தபடி வராந்தாவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுத்தான் உள்ளே போனான்.